பாட்டிலில் மிச்சமிருந்த பத்து மில்லி

நவம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலை. வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் தன் இருபது மாதப் பெண் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். குழந்தைக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். முந்தைய இரவிலிருந்து மூச்சு வாங்குகிறது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளொடுங்குகிறது. தெருமுனைக் கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாளாகக் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை.

நான் இந்த மருத்துவமனையில் மருந்தாளுநர். வார்டு சுற்றில் மருத்துவர்களோடு சேர்ந்து போவதும், நோயாளிக்கு எழுதப்பட்ட மருந்தின் அளவைச் சரிபார்ப்பதும் என் வேலை. இந்தக் குழந்தையையும், அடுத்த மூன்று வாரத்துக்குள் அதே வீட்டிலிருந்து வந்து சேர்ந்த அதன் பாட்டியையும் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். ஒருவருக்கு மருந்து போதவில்லை. இன்னொருவருக்கு மருந்து மிஞ்சியது. இரண்டு இடத்திலும் மருந்தின் பெயர் சரி, அளவுதான் தவறு. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

குழந்தை

எடை 10 கிலோ. மூச்சு நிமிடத்துக்கு 54. ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலே வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது. நிமோனியா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆக்சிஜன் வைத்து, கையில் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

எதைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு எழுந்தது. குழந்தைக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டது அமாக்சிசிலின், கிளாவுலனேட் சேர்ந்த மருந்து. ஐந்து நாள் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் கிருமி அதற்கு அடங்கவில்லை என்றுதானே பொருள்? பணியிலிருந்த இளம் மருத்துவர் மெரோபெனம் தொடங்கலாம் என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். மூச்சு வாங்கும் குழந்தை கண்முன் கிடக்கும்போது பலமான மருந்தைத் தேடுவது இயல்பு. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு அந்த முடிவை இலகுவாக எடுத்துவிட முடியாது. என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், கார்பபெனம் வகை மருந்துகளையே உடைத்துவிடும் அந்த நொதி கொண்ட கிருமிகள் சென்னை மாதிரிகளில் மட்டும் 44 இருந்தன. மெரோபெனம் அந்த வகையைச் சேர்ந்தது. 2012இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் இதே ஊரில் கூடித்தான் ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின. கடைசிக் கதவுக்கான சாவியை முதல் கதவிலேயே போட்டுத் திருப்பக்கூடாது என்பதை இந்த ஊர் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

நான் தாயிடம் மருந்து பாட்டிலைக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றிக் குலுக்கும் பவுடர் மருந்து, 30 மி.லி. பாட்டில். சீட்டில் ‘5 மி.லி. காலை, மாலை, 5 நாள்’ என்றிருந்தது.

“ஒரு வேளைகூடத் தவறவில்லை மேடம். எங்கள் அத்தைதான் கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறார். திங்கள் ராத்திரி ஆரம்பித்தோம், இன்று காலைகூடக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்” என்றார் அவர்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் இன்னும் மருந்து இருந்தது. சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன்: 10 மி.லி.

திங்கள் இரவு ஒரு வேளை, செவ்வாய் முதல் வெள்ளி வரை எட்டு வேளை, சனி காலை ஒரு வேளை. ஆக மொத்தம் பத்து வேளை. வேளைக்கு 5 மி.லி. கொடுத்திருந்தால் 30 மி.லி. பாட்டில் ஆறு வேளையில், அதாவது வியாழன் காலையிலேயே, தீர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமை அதில் 10 மி.லி. இருக்கிறது. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் பத்து வேளையும் ஏதோ ஒன்று குறைவாகப் போயிருக்கிறது.

பத்து மில்லிக்குப் பின்னால்

எவ்வளவு குறைந்தது என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அன்று மதியம் பாட்டியையும், மருந்து கொடுத்த ஸ்பூனையும் வரவழைத்தோம். பாட்டி மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு. குழந்தை அவரை ‘ஆயா’ என்று அழைப்பதால் நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கினோம். மடியிலிருந்து எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து, “இதில்தான் கண்ணு, தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன்” என்றார். சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளந்தோம். தளும்பத் தளும்ப அந்த ஸ்பூன் கொண்டது 3 மி.லி. ‘ஒரு டீஸ்பூன் 5 மி.லி.’ என்று பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு நாம் வாயால் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருக்கும் ஸ்பூன் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. பாலாடையும் அப்படித்தான், சங்கும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கொள்ளளவு.

அடுத்தது தண்ணீர். பவுடர் பாட்டிலில் ஓர் அம்புக்குறியோ கோடோ இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை அதற்குச் சற்றுக் கீழே வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை மீண்டும் ஊற்ற வேண்டும். சில பெட்டிகளில் அளந்த தண்ணீர்க் குப்பி கூடவே வரும். இந்தப் பெட்டியில் வரவில்லை. கடையில் ‘காலை, மாலை’ என்று எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம் அந்தக் கோட்டை முழுக்க மறைத்திருந்தது. கோடு தெரியாததால் ஆயா கழுத்து வரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதே போன்ற காலிப் பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் பிடித்துப் பார்த்தோம்: 40 மி.லி. வந்தது. பத்து வேளைக்கு 30 மி.லி. போக 10 மி.லி. மிச்சம் என்ற கணக்கும் இதோடு நேராயிற்று.

மூன்றாவது, மருந்தின் அடர்த்தி. கிளினிக் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். உடனே பேசினார், எதையும் மறைக்கவில்லை. அவர் மனத்தில் வைத்து எழுதியது 457 என்று அழைக்கப்படும் வகை. அதன் 5 மி.லி.யில் அமாக்சிசிலின் 400 மி.கி. இருக்கும். சீட்டில் அந்த எண் இல்லை, மி.கி.யும் இல்லை, மருந்தின் பெயரும் ‘5 மி.லி.’யும் மட்டுமே. கடையில் இருந்தது 228.5 என்ற வகை. அதில் 5 மி.லி.க்கு 200 மி.கி.தான். ‘அதே மருந்துதான்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெயரளவில் அதே மருந்து, அளவில் பாதி.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவர் நினைத்தது வேளைக்கு 400 மி.கி., நாளைக்கு 800 மி.கி. குழந்தையின் எடைக்குக் கிலோவுக்கு 80 மி.கி. நிமோனியாவுக்கு இது சரியான அளவு. கடையில் மாறியதும் 40 ஆயிற்று. பாட்டிலில் இருந்த மொத்த அமாக்சிசிலின் 1200 மி.கி.; அதை 40 மி.லி. தண்ணீரில் கரைத்ததால் ஒரு மில்லிக்கு 30 மி.கி. ஸ்பூன் கொண்டது 3 மி.லி. ஆக வேளைக்கு 90 மி.கி., நாளைக்கு 180. கிலோவுக்கு 18 மி.கி. நினைத்ததில் நாலில் ஒரு பங்குகூடக் குழந்தைக்குப் போகவில்லை.

கரைத்த மருந்தை பிரிட்ஜில் வைத்து ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும், சன்னலோரத்தில் வைத்தால் கிளாவுலனேட் சீக்கிரம் சிதையும் என்பதும் தனி. இவர்கள் வீட்டில் பாட்டில் சன்னலோரத்தில்தான் இருந்தது. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இவ்வளவுக்கும் ஒருவர்கூட அலட்சியமாக இருக்கவில்லை. மருத்துவர் சரியான மருந்தை நினைத்தார், கடைக்காரர் வாடிக்கையாளரை மழையில் திருப்பி அனுப்ப மனமில்லாமல் இருப்பதைக் கொடுத்தார், ஆயா கடிகாரம் பார்த்துக் கொடுத்தார். நல்லெண்ணம் கொண்ட மூன்று கைகளைத் தாண்டி வருவதற்குள் மருந்து நாலில் மூன்று பங்குக்கு மேல் கரைந்துபோயிற்று. எனக்கு இதுதான் மிகவும் வலித்தது.

மருந்து தோற்கவில்லை, மருந்து போய்ச் சேரவில்லை என்று குழந்தை நல மருத்துவரிடம் சொன்னேன். பாட்டிலையும் ஸ்பூனையும் மேசையில் வைத்தேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு மெரோபெனம் வேண்டாம் என்றார். ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 500 மி.கி., ஆறு மணிக்கு ஒரு முறை, சிரை வழியாக. கூடவே ஜென்டாமைசின் நாளுக்கு ஒரு முறை 75 மி.கி. 48 மணி நேரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி யோசிப்போம் என்று ஒரு கெடுவும் வைத்தார். அந்தக் கெடு முக்கியம். அளவைச் சரி செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மோசமாகும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திங்கள் காலை காய்ச்சல் இறங்கியது. மூச்சு 38. ஆக்சிஜனை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வாய்வழி அமாக்சிசிலினுக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். ரத்தத்தில் கிருமி வளரவில்லை. எனவே எந்தக் கிருமி என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் பழைய, எளிய மருந்து முழு அளவில் போனதும் வேலை செய்தது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘228.5 இருந்தால் என்ன, 10 மி.லி.யாகக் கொடுத்தால் ஆயிற்று’ என்று கேட்கலாம். இந்த இரண்டு வகைக்கும் அது சரி. இரண்டிலும் அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. ஆனால் நாலுக்கு ஒன்று விகிதத்தில் 156.25 என்றும் ஒரு பாட்டில் உண்டு. அதில் 400 மி.கி. அமாக்சிசிலின் வேண்டும் என்று 16 மி.லி. ஊற்றினால், கிளாவுலனேட் 100 மி.கி. சேர்ந்து போகும். இரண்டு வேளைக்கு 200. பத்து கிலோக் குழந்தைக்கு அது வயிற்றைக் கலக்கிப் பேதியில் கொண்டுபோய் விடும். பாட்டில் மாறினால் மி.லி.யைப் பெருக்குவதற்கு முன் விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

சின்ன உடம்பின் கணக்கு

பெரியவர் மாத்திரையில் பாதி, கால் என்று உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. பிறந்த குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். பெரியவரில் அறுபது சதவீதம்தான். ஜென்டாமைசின் போல் தண்ணீரில் பரவும் மருந்து பச்சிளம் குழந்தையின் உடம்பில் அதிக இடத்துக்குப் பரவிவிடும். அதனால் கிலோவுக்கான அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் குழந்தையின் சிறுநீரகம் இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. உள்ளே போனது மெதுவாகத்தான் வெளியேறும். ஆகவே ஒரு வேளையின் அளவைக் குறைக்காமல், இரண்டு வேளைக்கு நடுவிலான இடைவெளியைக் கூட்டுகிறோம். குறைமாதக் குழந்தைக்கு 36 மணி, 48 மணி என்றுகூட இடைவெளி போகும். இதை மாற்றிச் செய்தால், அதாவது அளவைக் குறைத்து அடிக்கடி கொடுத்தால், கிருமியும் சாகாது, காதும் சிறுநீரகமும் கெடும்.

இரண்டு வயதுக் குழந்தையோ நேர் எதிர். அதன் சிறுநீரகம் எடைக்கு எடை பெரியவரைவிட வேகமாக மருந்தை வெளியேற்றும். வான்கோமைசினைப் பெரியவருக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 12 மணிக்கு ஒரு முறை கொடுக்கும் இடத்தில், குழந்தைக்கு அதே 15 மி.கி.யை 6 மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘சின்னக் குழந்தை, கொஞ்சமாகக் கொடுப்போம்’ என்ற பரிவு இங்கே கேடாக முடியும்.

மருத்துவம் இதைக் குழந்தைகளைப் பலி கொடுத்துத்தான் கற்றது. 1956இல் குறைமாதக் குழந்தைகளுக்கு நோய் வராமல் தடுக்கக் கொடுத்த சல்ஃபா மருந்து, ரத்தத்தில் மஞ்சள் காமாலை நிறமியைப் புரதத்திலிருந்து தள்ளிவிட்டு மூளைக்குள் அனுப்பியது தெரியவந்தது. 1959இல் குளோரம்பெனிகால் கொடுத்த பச்சிளம் குழந்தைகள் வயிறு உப்பி, உடம்பு சாம்பல் நிறமாகி இறந்த செய்தி வெளியானது. அந்த மருந்தைக் கரைத்து அனுப்பும் ஆற்றல் அவர்களின் கல்லீரலுக்கு இன்னும் வரவில்லை. இன்று காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோனைத் தவிர்ப்பதும் அந்த முதல் பாடத்தின் தொடர்ச்சிதான். அதே மருந்தைக் கால்சியம் கலந்த டிரிப் ஏறும் பச்சிளம் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்பது வேறொரு காரணத்தால்: இரண்டும் சேர்ந்து படிகமாகும்.

பருமனான குழந்தைகளும் இப்போது வருகிறார்கள். எடையைப் பெருக்கிக்கொண்டே போனால் பெரியவருக்கான உச்ச அளவைத் தாண்டிவிடும்; அங்கே நிறுத்த வேண்டும்.

ஆயா

குழந்தை வீட்டுக்குப் போய்ப் பதினான்காம் நாள் ஆயாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 74. இருபது வருடச் சர்க்கரை நோய். மூன்று நாளாகக் குளிர்க் காய்ச்சல், வலது விலாப்புறம் வலி, வாந்தி. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. குழந்தையைக் கவனித்த அலைச்சலில் தன் உடம்பை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. செஃபிபீம் என்ற ஆன்டிபயாட்டிக்கை 2 கிராம், 12 மணிக்கு ஒரு முறை என்று தொடங்கினார்கள். கடுமையான சிறுநீரகத் தொற்றுக்கு, நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு, அது சரியான அளவு. முதல் நாள் முழு அளவில் கொடுத்ததும் சரிதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிறுநீரகம் பலவீனம் என்றதும் முதல் வேளையையே பாதியாக்கிவிடும் பழக்கம் உண்டு. முதல் வேளை உடம்பு முழுவதும் நிரம்புவதற்கானது. அதைச் சிறுநீரகம் தீர்மானிப்பதில்லை. உயிருக்குப் போராடும் முதல் நாளில் மருந்தைக் குறைப்பது, தீயணைக்க வந்தவர் தண்ணீரை மிச்சம் பிடிப்பது போன்றது. குறைக்க வேண்டியது அடுத்தடுத்த வேளைகளில்.

கிரியேட்டினின் 1.4 என்று வந்தது. நம் மக்கள் ‘உப்பு’ என்று சொல்வது இதைத்தான். “உப்பு 1.4தான், கொஞ்சம்தான் கூட” என்று வார்டில் சொன்னார்கள். இளைஞனுக்கு 1.4 என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசையே வற்றிப்போன எழுபத்து நாலு வயது மூதாட்டியிடம் 1.4 என்றால், வடிகட்டும் வேலை பெருமளவு நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற அளவை கிளியரன்ஸ் என்போம். அதை மதிப்பிட 1976இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் இன்றும் கை கொடுக்கிறது. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுக்க வேண்டும், பெண்ணுக்கு 0.85ஆல் பெருக்க வேண்டும். இரண்டாம் நாள் நான் கணக்குப் போட்டேன். நோயாளிக் குறிப்பில் எடை 60 கிலோ என்றிருந்தது. விடை 33. செஃபிபீம் 30க்கும் 60க்கும் இடைப்பட்டவருக்கு 2 கிராம், நாளுக்கு ஒரே முறை. அப்படியே எழுதிக் கோப்பில் வைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை மாலை. அந்தக் குறிப்பில் யாரும் கையெழுத்திடவில்லை. நான் சனி, ஞாயிறு விடுப்பு. தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும்; சொல்லவில்லை.

திங்கள் காலை வார்டுக்குப் போனபோது மருமகள் ஓடி வந்தார். “அத்தை ஆளே மாறிவிட்டார் மேடம். என்னைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தூக்கத்தில் கை தூக்கித் தூக்கிப் போடுகிறது.” படுக்கையருகே நின்று பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. போர்வைக்கு வெளியே இருந்த வலது கை மணிக்கட்டு சொடுக்கியது போல் துள்ளி அடங்கியது. சில நொடி கழித்து இடது தோள். மூன்று வாரம் முன்பு ஸ்பூனை நடுங்காமல் பிடித்துத் தளும்பத் தளும்ப ஊற்றிக் காட்டிய கை அது.

சர்க்கரை சரி, சோடியம் சரி, தலை சி.டி. ஸ்கேன் சரி. ‘வயதானவர், ஆஸ்பத்திரிக்கு வந்தால் இப்படி ஆவதுதான்’ என்றும் ஒருவர் சொன்னார். வயது முதிர்ந்தவரின் குழப்பத்துக்கு வயதே காரணம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் தேட மாட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பதறும்.

செஃபிபீமில் ஏறத்தாழ 85 சதவீதம் உடைபடாமல் அப்படியே சிறுநீரில் போகும் மருந்து. நல்ல சிறுநீரகம் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். சிறுநீரகம் நின்றுபோனால் பாதியாவதற்குப் பதின்மூன்று மணிக்கு மேல் ஆகும். தேங்கிய மருந்து மூளைக்குள் புகுந்து, நரம்புகளை அடக்கிவைக்கும் காபா என்ற பொருளின் வேலையைத் தடுக்கும். விளைவு: குழப்பம், கை கால் துள்ளல், வெளியே தெரியாத வலிப்பு. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2012இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுநீரகத்துக்கேற்ப அளவு குறைக்கப்படாதவர்கள்.

கணக்கை மறுபடி போட உட்கார்ந்தேன். அப்போதுதான் எடை மேல் கண் விழுந்தது. அறுபது கிலோவா? இந்த உடம்பா? செவிலியரிடம் கேட்டேன். வந்த அன்று நிற்க முடியவில்லை, அதனால் பார்வைக்கு ஓர் எண்ணைப் போட்டோம் என்றார். ஸ்ட்ரெச்சரோடு சரக்கு எடை போடும் மேடையில் நிறுத்தி, பிறகு வெறும் ஸ்ட்ரெச்சரை நிறுத்திக் கழித்தோம். 42 கிலோ.

42 கிலோவும் 1.4உம் போட்டால் விடை 23. அன்றைய கிரியேட்டினின் 1.9 ஆகியிருந்தது, அதைப் போட்டால் 17. 30க்குக் கீழே இறங்கினால் செஃபிபீம் இந்த நோய்க்கு நாளுக்கு 1 கிராம்தான். அவருக்குப் போய்க்கொண்டிருந்தது 4 கிராம். குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு போயிற்று; ஆயாவுக்கு நாலு மடங்கு போயிற்று. நான் வெள்ளிக்கிழமை எழுதிய திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தாலும் இரண்டு மடங்கு போயிருக்கும். எடையை நேரில் பார்க்காமல் தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டது என் தவறு. ஆயாவை நான் முன்பே நேரில் பார்த்திருக்கிறேன், மெலிந்த உடம்பு என்றும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் 60 என்ற எண்ணைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

மருந்தை உடனே நிறுத்தினார்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்ததில் மருந்து நச்சில் வரும் மூன்று முக அலைகள் தெரிந்தன; வலிப்பு இல்லை. சிறுநீரக மருத்துவர் வந்து பார்த்து, சிறுநீர் போதுமான அளவு போவதால் டயாலிசிஸ் இப்போது வேண்டாம், பார்ப்போம் என்றார். சிறுநீரில் ஈ.கோலி வளர்ந்திருந்தது. நல்லவேளையாக அது செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கும் வகை. அந்த மருந்து பித்தத்தின் வழியாகவும் வெளியேறுவதால் சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டியதில்லை. நாளுக்கு 1 கிராம் என்று மாற்றினார்கள். செவ்வாய் இரவு துள்ளல் நின்றது. புதன் மாலை நான் போனபோது ஆயா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “பாப்பா சாப்பிட்டுச்சா கண்ணு?” என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை.

பிறகு செய்தவை

முதலில் எடை. படுத்த நோயாளியை எடை போட வசதியில்லை என்ற பேச்சு எங்கள் மருத்துவமனையில் முடிந்துவிட்டது. சரக்கு எடை மேடையைச் சுத்தம் செய்து அவசரப் பிரிவு வாசலிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டோம். வெறும் ஸ்ட்ரெச்சரின் எடை அதன் கைப்பிடியில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. மதிப்பிட்டுப் போட்ட எடை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ம’ என்று எழுத வேண்டும். இந்த ஒற்றை எழுத்துக்காக நான் பலரோடு வாதாடியிருக்கிறேன், இன்னும் வாதாடுகிறேன்.

குழந்தைகளுக்கான சீட்டில் எடை, மி.கி., பாட்டிலின் அடர்த்தி, மி.லி. நான்கும் ஒரே வரியில் வர வேண்டும். எத்தனை பாட்டில் என்பதும். ஐந்து நாளுக்கு 50 மி.லி. தேவைப்படும் இடத்தில் 30 மி.லி. பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பினால், பாட்டில் தீர்ந்த அன்று மருந்தும் முடிந்தது என்றுதான் எந்த வீட்டிலும் நினைப்பார்கள்.

அந்தக் கடைக்கும் போனேன். குறை சொல்லப் போகவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பாட்டிலையும் அவர்கள் ஒட்டிய துண்டுக் காகிதத்தையும் காட்டினேன். கடைக்காரர் பேசாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்து, கோடு இருக்கும் இடத்தில் நீல மை பேனாவால் கண்ணாடி மேலேயே அழுத்தி ஒரு வளையம் போட்டு, “இப்படிக் கொடுத்தால் போதுமா மேடம்?” என்று கேட்டார். போதும் என்றேன். இப்போது அவரே ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்றையும் கூடவே கொடுக்கிறார். தண்ணீரைக் கடையிலேயே கலந்து கொடுக்கிறார்.

ஆயாவின் கிரியேட்டினின் வீட்டுக்குப் போகும்போது 1.3. கிளியரன்ஸ் 25. பழைய சிறுநீரகப் பாதிப்பு என்பதால் இதற்கு மேல் பெரிதாக ஏறாது. கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: எடை 42 கிலோ, கிளியரன்ஸ் 25, செஃபிபீமில் குழப்பம் வந்தது, எந்த மருந்து எழுதினாலும் சிறுநீரகத்துக்கேற்ப அளவைப் பார்க்கவும். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் இடுப்பில் செருகும் சுருக்குப் பையில் வைத்தேன்.

ஜனவரியில் கால் விரலில் புண் சீழ் பிடித்து, வேறு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பேத்திக்கு அவர் ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்த அதே மருந்து. மருத்துவர் எழுதி முடித்ததும் ஆயா சுருக்குப் பையை அவிழ்த்து அட்டையை மேசை மேல் வைத்திருக்கிறார். சீட்டை மருமகள் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். ‘நாளுக்கு 3’ என்றிருந்ததில் மூன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘2’ என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்தும் இட்டிருந்தது.